ஞானண்ணன் கழற்றிய நாலு நட்டு

நாகலூரில் யாரைக் கேட்டாலும், டிரைவர் மாதேஸ்வரனின் காலை எடுத்தது மெக்கானிக் ஞானசுந்தரம் என்றுதான் சொல்வார்கள். அந்த மாதேஸ்வரன் நான்தான். இடது முழங்காலுக்குக் கீழே எனக்கு இருப்பது பிளாஸ்டிக். ஆனால் அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நான் மூன்று வருடம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். அதைச் சொல்வதற்கு முன்னால் ஞானண்ணன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று சொல்லியாக வேண்டும்.

அவருடைய ஷெட் நாகலூர் பஸ் நிற்கிற இடத்துக்குச் சற்று மேலே, மாதா கோயில் சுவரை ஒட்டி இருந்தது. நாலு தகரம், வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்க ஒரு குழி, ஒரு பட்டறை மேசை, அவ்வளவுதான். அவருடைய அப்பா எஸ்டேட்டில் காப்பிப் பழம் உரிக்கிற மிஷினைப் பார்த்துக்கொண்டவர். மகனை எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பிலேயே வேலைக்குச் சேர்த்துவிட்டார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஞானண்ணனின் நகக்கண்ணில் கறுப்பு இல்லாமல் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெள்ளைச் சட்டை போட்டுப் போவார், அப்போதும் விரல் மட்டும் ஷெட்டில்தான் இருக்கும்.

எங்கள் ஏற்காட்டு மலையில் வருடத்தில் பாதி நாள் பனிமூட்டம். இரும்பு என்று எதை வெளியில் வைத்தாலும் துரு தின்றுவிடும். கீழே சேலத்தில் ஒரு பையன் ஸ்பேனரைப் போட்டு ஒரே திருகில் எடுக்கிற போல்ட், இங்கே அரை நாள் வாங்கும். மற்ற மெக்கானிக்குகள் அதோடு மல்லுக்கட்ட மாட்டார்கள். கேஸ் கட்டரை வைத்து அறுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டுவார்கள். ஞானண்ணன் அறுக்க மாட்டார். அறுப்பது அவருக்குத் தோற்றுப்போன மாதிரி.

அவர் வேலை செய்வதைப் பார்த்தால் எரிச்சல் வரும். கழற்ற வேண்டிய போல்ட்டை முதலில் இறுக்கி முடுக்குவார். புதிதாக வருகிற டிரைவர் பதறிப்போய், "ஏனுங்ணா, எதுர்ப்பக்கம் திருப்பறீங்க?" என்பான். "ஒரு மயிரளவு முடுக்குனாத்தானுங்க அதுக்கு அசையற நெனப்பு வரும்" என்பார். பிறகு சுத்தியலை எடுத்துப் போல்ட்டின் தலையைச் சுற்றிச் சுற்றித் தட்டுவார். அடிக்க மாட்டார், தட்டுவார். மண்ணெண்ணெய் விட்டுவிட்டுப் போய் டீ குடிப்பார். அப்புறம் புளோலேம்பில் சூடு காட்டி, சூட்டோடு சூடாக ஒரு மெழுகுவர்த்தித் துண்டை அதன் கழுத்தில் வைப்பார். மெழுகு உருகித் திருகு மரைக்குள் போய்விடும். பத்து நிமிடம் கழித்து, "எறங்கு சாமி, எறங்கு கண்ணு" என்று போல்ட்டிடம் பேசிக்கொண்டே திருகினால், கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு மட்டும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும்.

அந்த மெழுகுவர்த்தி கடையில் வாங்கியது இல்லை. நவம்பர் மாதம் கல்லறைத் திருநாள் முடிந்த மறுநாள், அவர் மனைவி சாந்தாமேரி அக்கா மாதா கோயில் சாமியாரிடம் கேட்டுவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் எரிந்து மீந்த துண்டுகளையெல்லாம் ஒரு பையில் பொறுக்கி வந்து கொடுப்பார். ஒரு வருடத்துக்கு அது போதும். நாங்கள் கிண்டல் பண்ணுவோம். "செத்தவங்க மெழுகுல எங்க வண்டிய ஓட்டறீங்களேண்ணா."

"செத்தவங்களுக்குத்தானுங்க அவசரமே இல்ல. போல்ட்டுக்கும் அப்பிடித்தான்" என்பார்.

அவசரம் எங்களுக்குத்தான் இருந்தது. எனக்கு நிறையவே இருந்தது. மாரமங்கலம் பக்கத்து ஊர்களிலிருந்து ஏற்காட்டுக்கு ஆளும் மூட்டையும் ஏற்றுகிற ஜீப் என்னுடையது. எங்கள் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து மலையில் சாமையும் காப்பியும் போட்டுப் பிழைத்த குடும்பம், நான்தான் முதன்முதலில் ஸ்டியரிங் பிடித்தேன். பஸ் வருவதற்குள் ஆளை ஏற்ற வேண்டும், மிளகு மூட்டை ஏலத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வண்டியை ஷெட்டில் விட்டால் ஞானண்ணன் எப்போது தருவார் என்று அவருக்கே தெரியாது. "எறங்கும்போது எறங்கும்" என்பார். எத்தனையோ நாள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் குழியின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

இனிதான் டேக் கதை. எங்கள் ரோட்டில் ஜீப் ஓடினால் நட்டு தளராமல் இருக்காது. குலுங்கிக் குலுங்கித் தானாகக் கழன்றுவிடும். அதற்கு டிரைவர்கள் கண்டுபிடித்த வைத்தியம்தான் டேக். நட்டும் போல்ட்டும் சேர்கிற இடத்தில் ஒரு சொட்டு வெல்டிங் வைத்துவிட்டால் ஜென்மத்துக்கும் அசையாது. என் டிரைவர் சீட்டைத் தரையோடு பிடிக்கிற நாலு போல்ட் மூன்று மாதத்தில் மூன்று தடவை தளர்ந்தது. வளைவில் திரும்பினால் சீட்டும் என்னோடு திரும்பும். எனக்கு ஏற்கெனவே இடுப்பு வலி. ஒருநாள் ஷெட்டுக்குப் போய், நாலையும் டேக் அடித்துவிடச் சொன்னேன்.

ஞானண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "போல்ட்டு வச்சதே கழட்டறதுக்குத்தானுங்க. கழட்ட முடியாம பண்ணோணும்னா அத எதுக்குங்க போல்ட்டுன்னு சொல்றது? மாசத்துக்கொருக்கா வாங்க, முடுக்கி உடறேன்."

"மாசத்துக்கொருக்கா வந்து உங்க குழிகிட்டக் குந்தியிருந்தா எம் பொழப்பு என்னாவறதுங்ணா?"

"ரெண்டு நிமிசந்தானுங்க."

"உங்க ரெண்டு நிமிசம் எங்களுக்குத் தெரியாதுங்களா? முடியுமா முடியாதான்னு சொல்லுங்க. இல்லாட்டி டவுன்ல போய் அடிச்சுக்கறேன்."

சுற்றி நின்ற இரண்டு டிரைவர்கள் சிரித்தார்கள். அவர் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். நாலு நட்டுக்கும் நாலு சொட்டு. நான் வாங்கிக் கொடுத்த டீயைக்கூட அவர் குடிக்கவில்லை. அதற்குப் பிறகு என் வண்டியைப் பார்த்து மற்றவர்களும் வந்து கேட்டார்கள். எனக்குப் போட்டதை அவர்களுக்கு எப்படி இல்லை என்பது? நாகலூர் ரோட்டில் ஓடுகிற ஜீப்பில் பாதிக்குமேல் டேக் ஏறியது.

அதற்கு அடுத்த வருடம் ஐப்பசி. நாலு நாள் விடாத மழை. காலை ஏழரை மணிக்கு, ஆளையெல்லாம் இறக்கிவிட்டு எஸ்டேட்டுக்குச் சாமான் கொண்டுபோனேன். பின்னால் புல்வெட்டும் மிஷினுக்காக எஸ்டேட் கணக்குப் பார்க்கிற ரைட்டர் வாங்கிவரச் சொன்ன பெட்ரோல் கேன் இரண்டு இருந்தன. வளைவில் எதிரே ஒரு வண்டியும் இல்லை, வேகமும் இல்லை. ரோட்டின் ஓரம் அப்படியே வண்டியோடு சேர்ந்து கீழே போனது. காப்பிச் செடிகளை முறித்துக்கொண்டு இருபதடி இறங்கி, ஒரு சில்வர் ஓக் மரத்தில் மோதி, இடப்பக்கம் சாய்ந்து நின்றோம், நானும் ஜீப்பும்.

முதலில் உயிர் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் இடது காலை இழுத்துப் பார்த்தேன். முன்பக்கத் தகரம் உள்ளே மடங்கி வந்திருந்தது. சீட்டின் இரும்புச் சட்டத்துக்கும் அந்தத் தகரத்துக்கும் நடுவில் என் கால் கெண்டைச்சதையோடு மாட்டியிருந்தது. சீட்டு நாலு விரல் பின்னால் போனால் கால் வந்துவிடும். சீட்டு போகாது. அது ஏன் போகாது என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும்.

காப்பிக் காட்டு வேலைக்கு வந்த சின்னத்தாயி அக்காதான் என் சத்தத்தைக் கேட்டு முதலில் இறங்கி வந்தார். பின்னாலேயே எஸ்டேட் ஆட்கள் ஏழெட்டுப் பேர். இழுத்துப் பார்த்தார்கள், நான் போட்ட கூச்சலில் விட்டுவிட்டார்கள். கடப்பாரை போட்டு நெம்பினார்கள், வண்டி மரத்தைவிட்டு நழுவப் பார்த்தது. கயிற்றால் கட்டி நிறுத்தினார்கள். ஜாக்கி வைக்கக் கீழே சேறுதான். தீயணைப்பு வண்டிக்குப் போன் போட்டால், வருகிற வழியில் மரம் விழுந்திருக்கிறது, அறுத்துவிட்டுத்தான் வர முடியும் என்றார்கள். யாரோ ஞானண்ணனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, குறுக்கு வழியில் காப்பிக் காட்டுக்குள்ளேயே நடந்து வந்து சேர்ந்தபோது மணி எட்டரை.

வந்ததும் என் முகத்தைப் பார்த்தார். "கண்ணு, பயப்படாத" என்றார். அதுவரை என்னை அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை, எப்போதும் 'நீங்க'தான். பிறகு வண்டியின் அடிப்பக்கம் போனார். வண்டி சாய்ந்திருந்ததால் நட்டுகள் நாலும் கண்ணுக்கு நேராகத் தெரிந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்துத் தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து, "ஆண்டவரே" என்று ஒரு குரல் வந்தது. அவர் போட்ட டேக் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கேஸ் கட்டர் இருந்தால் நாலையும் அஞ்சு நிமிடத்தில் அறுத்துவிடலாம். ஆனால் கேன் இரண்டும் நசுங்கி, பெட்ரோல் என் முதுகு வரைக்கும் வழிந்திருந்தது. தீப்பொறி ஒன்று பறந்தால் நான் கரிக்கட்டை. இரும்பு அறுக்கிற கிரைண்டரும் கூடாது. சூடு காட்டவும் முடியாது. அவருடைய பையில் மெழுகுவர்த்தித் துண்டு கிடந்தது, அதற்கு வேண்டிய நெருப்புக்குத்தான் வழியில்லை. உளியும் சுத்தியும் ஹேக்சா பிளேடும் கையும்தான் மிச்சம். உளி படுகிற இடத்தில் பொறி வராமல் இருக்க, சின்னத்தாயி அக்கா தன் துண்டை நனைத்து நனைத்துப் பிழிந்துகொண்டே நின்றார்.

முதல் நட்டின் டேக்கை உளியால் உடைக்க அரை மணி நேரம் ஆனது. அவர் அடிக்கிற ஒவ்வொரு அடியும் என் காலுக்குள் வந்து இறங்கும். நான் கத்துவேன், அவர் நிறுத்துவார். "நிறுத்தாதீங்ணா" என்று கத்துவேன். டேக் உடைந்த பிறகு நட்டு துருவில் கடித்துக்கொண்டிருந்தது. முதலில் முடுக்கினார். எனக்குச் சீட்டு ஒரு மயிரளவு கீழே இறுகியது தெரிந்தது. அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது என்றால் நம்புவீர்களா? அப்புறம் அந்தக் கிறீச் சத்தம். ஒன்று கழன்றது.

இரண்டாவதும் அப்படித்தான், கொஞ்சம் சீக்கிரம். மூன்றாவதில் ஸ்பேனர் வழுக்கி அவருடைய வலது கை தகர விளிம்பில் போய் மோதியது. மூன்று விரலின் தோல் உரிந்து தொங்கியது. வேறு யாராவது திருகட்டும் என்று ரைட்டர் சொன்னார். "வேண்டாமுங்க, இது எங் கைக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, துணியைச் சுற்றிக்கொண்டு தொடர்ந்தார். இடையிடையே இந்தப் பக்கம் வந்து, தகரத்துக்கு அடியில் கையை விட்டு என் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்.

"வெரல ஆட்டு சாமி."

ஆட்டினேன். ஆட்டியதாகத்தான் நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் விரலை ஆட்டச் சொல்லவே இல்லை.

நாலாவது நட்டு கண்ணுக்குத் தெரிந்தாலும் தகரம் மடங்கிய மூலைக்குள் இருந்தது. உளி போகாது, ஸ்பேனர் போகாது. ஹேக்சா பிளேடை உடைத்து, துண்டைத் துணியில் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, போல்ட்டின் கழுத்தை அறுக்க ஆரம்பித்தார். வாழ்நாளில் போல்ட்டை அறுக்காத மனிதர். அரிசி புடைப்பது போன்ற சத்தம், சர்க் சர்க் என்று, ஒன்றரை மணி நேரம். மூன்று பிளேடு தீர்ந்தது. எனக்கு வலி நின்றுபோய்த் தூக்கம் வந்தது. தூங்கவிடாமல் எதையாவது பேசிக்கொண்டே இருந்தார். ஒரு தடவை மட்டும் அறுப்பதை நிறுத்திவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அன்னிக்கே நான் முடியாதுன்னு சொல்லியிருக்கோணும் கண்ணு" என்றார். மறுபடியும் சர்க் சர்க். பதினொன்றே முக்காலுக்குச் சீட்டு பின்னால் போனது.

போர்வையில் கட்டித் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தீயணைப்பு வண்டி அப்போதுதான் வந்து நின்றது. ஆம்புலன்சில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரத்தம் ஓடாமல் நெடுநேரம் கிடந்த கால், இரண்டு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் என் மனைவி கவிதாவிடம் சொன்னார். வெளியே ஞானண்ணன் கட்டுப் போட்ட கையோடு நின்றிருந்தார். அவர் காதிலும் அது விழுந்தது.

மூன்றாம் நாள் ஏற்காடு ஜீப் ஸ்டாண்டு டிரைவர்கள் பார்க்க வந்தார்கள். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். எங்களில் மூத்தவரான ஐயாக்கண்ணு, "நாலு போல்ட்டுக்கு அத்தன நேரமாங்க தம்பி?" என்று கேட்டார்.

"ஞானண்ணன் அடிச்ச டேக்குங்க. அவராலயே கழட்ட முடியல" என்றேன்.

அதோடு நிறுத்திக்கொண்டேன். 'நான்தான் அடிக்கச் சொன்னேன்' என்று ஒரு வார்த்தை மிச்சமிருந்தது. கவிதா பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். நான் கேட்டு வாங்கியது அவளுக்குத் தெரியும், டேக் அடித்த அன்றே வீட்டில் வந்து பெருமையாகச் சொல்லியிருந்தேனே. அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நான் கெட்டவன் இல்லை, ஆனால் அன்றைக்கு நான் செய்தது கெட்ட காரியம்.

நான் ஊருக்குத் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. யாரும் ஞானண்ணனோடு சண்டை போடவில்லை. திட்டவுமில்லை. ஷெட்டில் வண்டியை நிறுத்துவதை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். முன்னால் கேட்டுக் கேட்டு டேக் அடித்துக்கொண்டவர்கள்தான் முதலில் விட்டார்கள், அன்று ஷெட்டில் நின்று சிரித்த இரண்டு பேரும் அதில் சேர்த்தி. அவர்கள் சீட்டுக்கு அடியிலும் அதே நாலு சொட்டு இருக்கிறது, அதை நினைத்தால் யாருக்கும் தூக்கம் வராது. ஒரு ஆள்மேல் பழியைப் போட்டுவிட்டால் வரும். சாந்தாமேரி அக்கா கோயிலுக்குப் போனால் பெஞ்சில் பேச்சு நின்றுபோகும். ஏழு மாதம் பொறுத்துப் பார்த்தார் ஞானண்ணன். எட்டாவது மாதம் தகரங்களைப் பிரித்துவிட்டார். இதையெல்லாம் நான் வீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கால் போனவனைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அவரைத் திட்டித்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நானும் அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டேன்.

இந்த வருடம் தை மாதம் என் செயற்கைக் கால் கோளாறு செய்தது. பாதம் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டு, நடந்தால் இடுப்பைப் பிடுங்கியது. பாதத்தையும் காலையும் சேர்ப்பது ஒரே ஒரு போல்ட். உள்ளங்காலில் இருக்கிற குழிக்குள் அதன் தலை இருக்கும். அதைத் தளர்த்தி, பாதத்தை நேராக்கி முடுக்கினால் சரியாகிவிடும். பனியில் நடந்து நடந்து அது துருவேறி இறுகிப்போயிருந்தது. சேலத்தில் கொடுத்தால் அறுத்துவிட்டு வேறு போடுவார்களாம், பதினைந்து நாள் ஆகுமாம். அதுவரை கட்டையாகக் கிடக்க வேண்டும். எனக்கு ஒரு ஆளைத் தெரியும் என்று கவிதாவிடம் சொன்னேன். "போய்ட்டு வாங்க" என்றாள்.

ஞானண்ணன் அப்போது டவுனுக்கு வெளியே ஒரு ரிசார்ட்டில் கேட்டைத் திறந்துவிடுகிற வேலையில் இருந்தார். பச்சைச் சட்டை, தொப்பி, தோளில் மஞ்சள் கயிறு, கழுத்தில் விசில். ஆட்டோவிலிருந்து நான் இறங்கியதும் வந்த ஆள் யாரென்று பார்க்காமலேயே ஒரு சல்யூட் வைத்தார். பழக்கம் போலிருக்கிறது. அப்புறம்தான் என்னைத் தெரிந்தது. கை இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஏனுங்க, நல்லா இருக்கீங்களா? ஊட்ல சௌக்கியமுங்களா?" என்றார். மறுபடியும் 'நீங்க' ஆகிவிட்டேன்.

காலைக் கழற்றிக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். வேண்டாம் என்பார் என்றுதான் நினைத்தேன். அவர் காலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, உள்ளங்கால் குழிக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். காவல் கூண்டுக்குள் போய், சாக்கில் சுற்றி வைத்திருந்த ஒரு பையை எடுத்து வந்தார். அதே பைதான். "பாதம் ரப்பருங்க. சூடு காட்ட முடியாது" என்றார். மறுபடியும் நெருப்புக்கு வழியில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

எண்ணெய் விட்டார். நீளமான சாக்கெட் ஸ்பேனரை நுழைத்து முதலில் முடுக்கினார். தட்டினார். காத்திருந்தார். நடுவில் கார் வந்து ஹாரன் அடிக்கும். என் காலை நாற்காலியில் வைத்துவிட்டு ஓடிப்போய்க் கேட்டைத் திறந்து, சல்யூட் வைத்து, மூடிவிட்டு வருவார். மறுபடியும் காலை மடியில் எடுத்துக்கொள்வார். பத்து மணிக்கு ஆரம்பித்தது, ஒரு மணி வரை எத்தனை கார் வந்ததோ அத்தனை தடவையும் இப்படித்தான். காரில் இருந்த குழந்தைகள் நாற்காலியில் கிடந்த காலைப் பார்த்துக் கை நீட்டிச் சிரித்தன. அவருடைய வலது கையில் மூன்று விரல் சரியாக மடங்கவில்லை. ஒரு மணிக்கு அந்தக் கிறீச் சத்தம் வந்தது. அவர் முகத்தில் பழைய சிரிப்பு வரவில்லை.

மரையைத் துடைத்து, கிரீஸ் தடவி, பாதத்தை நேராக்கி முடுக்கிக் கொடுத்தார். "இது நடக்க நடக்கத் தளருமுங்க. மாசத்துக்கொருக்கா வாங்க, முடுக்கி உடறேன். ரெண்டு நிமிசந்தான்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணா, அன்னிக்கு நான் கேட்டுத்தானே போட்டீங்க. நான் அத யாருகிட்டயும் சொல்லல" என்றேன்.

"தெரியுமுங்க" என்றார். ஸ்பேனர்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டே பேசினார். "போட்டது நாந்தானுங்க. தெரியாம ஒண்ணும் போடல. அதுக்கு நாந்தான் பொறுப்பு. ஆனா ஸ்டாண்டுல ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நொம்ப நல்லதுங்க. மாதேஸ்வரன் கேட்டாரு, ஞானசுந்தரம் மொதல்ல மாட்டேன்னாருன்னு. அவ்வளவுதான். மேரி கோயிலுக்குப் போயி ரெண்டு வருசமாச்சுங்க."

மறுநாள் காலையிலேயே ஏற்காடு ஸ்டாண்டுக்குப் போனேன். டீ நேரம், பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நின்றுகொண்டே சொன்னேன். நான் கேட்டது, அவர் மறுத்தது, டவுனுக்குப் போவேன் என்று நான் மிரட்டியது, ஆஸ்பத்திரியில் பாதியை விழுங்கியது, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது நெஞ்சு லேசானது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்றே நம்பினேன்.

ஐயாக்கண்ணு டீ கிளாஸைக் கீழே வைத்தார். "கேக்கறவன் கேக்கத்தானுங்க செய்வான் தம்பி. போடறவனுக்குத்தான தெரியோணும்?"

"உங்க வண்டியிலயும் நீங்க கேட்டுத்தானேங்ணா போட்டாரு?"

"அத எப்பவோ அறுத்துப் போட்டுட்டேன். அவன் கை பட்டது வண்டியில எதுக்கு?" எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "உங்க மனசு ஒருத்தனுக்கும் வராதுங்க. கால எடுத்தவனுக்கே பரிஞ்சு பேசறீங்க பாருங்க."

எல்லாரும் ஆமாம் என்றார்கள். இல்லை, உண்மையாகவே நான்தான் என்று கத்தினேன். கத்தக் கத்த அவர்கள் கண்ணில் நான் இன்னும் பெரிய மனிதனாகிக்கொண்டே போனேன். ஒருவன் எனக்கு நாற்காலி போட்டான். அன்று சாயங்காலம் டிரைவர்கள் வாட்ஸப் குரூப்பில், பிளாஸ்டிக் கால் தெரிகிற மாதிரி என் போட்டோவைப் போட்டு, 'மன்னிக்கும் மனசு' என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடுகிற கைகள். கவிதா போனை வாங்கிப் பார்த்தாள். "ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருக்கோணும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சாந்தாமேரி அக்கா இன்னும் கோயிலுக்குப் போவதில்லை என்று கேள்வி. அவர் புருஷன்மேல் விழுந்த பழி அப்படியேதான் இருக்கிறது. என் பெருந்தன்மையும் அதோடு சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை எழுதுகிறபோது மாசி முடியப் போகிறது. பாதம் தளர்ந்துவிட்டது. எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் டிக் டிக் என்று சத்தம் வருகிறது. அவர் சொன்ன மாதம் தாண்டி இரண்டு வாரம் ஆகிறது. ரிசார்ட்டுக்கு ஆட்டோவில் கால் மணி நேரம்கூட ஆகாது, முடுக்க இரண்டு நிமிடம். ஆனால் போய் நின்றால், "சொன்னீங்களா?" என்று கேட்பார். கேட்காமலே இருந்தாலும் இருப்பார், எனக்கும் ஒரு சல்யூட் வைத்துவிட்டுக் காலை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். அதனால் நான் இன்னும் போகவில்லை.